முதலில் தகவல் சொல்ல வேண்டியவர்

கண்ணு,

இதைப் படித்து முடிக்க உனக்கு இரண்டு நாளாவது ஆகும். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பது எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வார இதழை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்கும் உன்னோடு மல்லுக்கட்டியவள் நான்தானே. அப்பா கூடச் சொல்லிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம், நீ சொல்லச் சொல்ல பவித்ரா இங்கிலீஷ்ல அடிச்சு அனுப்பிடுவா." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது பவித்ராவின் கண்ணில் இப்போதைக்குப் படக் கூடாது. உன் பெண்டாட்டிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; அதுவும் நல்லதாகப் போயிற்று. உன்னால் இதை வேகமாக மேய்ந்துவிட்டு மடித்து வைக்க முடியாது என்பதும் எனக்கு வசதிதான். ஒவ்வொரு சொல்லாகப் படி. அவசரம் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவசரம் இருக்கிறது.

கல்யாணமாகி இருபத்திரண்டாவது நாள் நீ கிளம்பினாய். புனே ஸ்டேஷனில் ஜம்மு போகும் வண்டி வந்து நின்றிருந்தது. அப்பா உன் கறுப்பு டிரங்குப் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். பவித்ரா உனக்கு வடா பாவ் வாங்கப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் என் பக்கம் குனிந்து சொன்னாயே, அது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, யூனிட்ல ஒரு ஃபார்ம் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல யாருக்குத் தகவல் சொல்லணும்னு அதுல எழுதணும். கல்யாணம் ஆனா வைஃப் பேர மாத்தணும். நான் மாத்தல. உன் பேரே இருக்கட்டும். பவித்ரா தாங்க மாட்டா. உனக்குன்னா தைரியம் இருக்கு. செல்வி ஆன்ட்டிய நீதானே பாத்துக்கிட்ட. அவகிட்ட எப்டி சொல்லணுமோ அப்டி நீ சொல்லிடுவ." நான் தலையாட்டினேன். அதற்குள் பவித்ரா எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள், வண்டியும் நகர்ந்துவிட்டது. அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

எனக்குத் தைரியம் என்று உனக்கு யார் சொன்னது? நீ மட்டும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டேராடூனில் நீ ஆபீசர் ஆன அன்று உன் தோளில் நட்சத்திரத்தை மூடியிருந்த துணியை எடுக்கச் சொல்லி என்னையும் அப்பாவையும் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம் சல்யூட் அடித்தே தேய்ந்த அப்பா, உனக்கு முதல் சல்யூட்டை அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுதார். நான் அழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சர்தார்ஜி வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்து, பெரிய மனசு உங்களுக்கு என்று இந்தியில் சொன்னார். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. பயத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பிள்ளைகள் ஒரே மாதிரி கையை வீசிக்கொண்டு போகிறார்கள், பேண்டு வாசிக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் உட்கார்ந்து, இந்த வரிசையில் எந்த வீட்டுக்கு ஜீப் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் அதைத்தான் நினைத்தேன். ஜீப் என்றால் எந்த ஜீப் என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதே புனேயில், கிர்கியில் நாம் இருந்த குவார்ட்டர்ஸ் உனக்கு நினைவிருக்கும். புருஷன்கள் எல்லைப் பக்கம் ஃபீல்டுக்குப் போய்விட, பெண்டாட்டி பிள்ளைகள் மட்டும் தங்குகிற வீடுகள். உனக்கு அது கிரிக்கெட் ஆட நல்ல இடம், அவ்வளவுதான். எங்களுக்கு அது காது தீட்டிக்கொண்டே இருக்கிற இடம். தண்ணீர்க் குழாய் பார்க்க வருகிறவன் சைக்கிளில் வருவான். கேன்டீன் சாமான் டிரக்கில் வரும். ஒரு ஆபீசர், ஒரு சுபேதார், ஆபீசர் வீட்டு அம்மாள் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்து ஜீப்பில் வந்தால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் வெளியே துணி உலர்த்துகிறவள், காய்காரனிடம் பேரம் பேசுகிறவள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் எல்லோரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வோம். திறக்காத வீட்டை விட்டுவிட்டு ஜீப் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று எங்களுக்குள் ஒரு கிறுக்கு நம்பிக்கை. பி.ஏ. படித்த பெங்காலிக்காரிக்கும் அது உண்டு, எட்டாவதில் நின்ற எனக்கும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜீப் தெருவைக் கடந்து போன பிறகு ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். உள்ளே ஏன் போனாய் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்ள மாட்டோம்.

கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. மேலே நமக்கு எதிர்வீடு செல்வி. அவள் புருஷன் பாண்டியும் உன் அப்பாவும் ஒரே யூனிட், ஒரே இடத்தில் இருந்தார்கள். அப்பா ஹவில்தார், வண்டி ரிப்பேர். பாண்டி அவருக்குக் கீழே நாயக், வண்டி ஓட்டுகிறவன். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து செல்வி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. இந்தியில் ஒரு சொல் தெரியாது. பால்காரனிடம் விரலைக் காட்டுவாள். ஆஸ்பத்திரிக்கு, ரேஷனுக்கு, கேன்டீனுக்கு எல்லாம் நான்தான் கூடப் போவேன். ஜான்சியிலும் ஜலந்தரிலும் குப்பை கொட்டிய நான் இந்தியில் சண்டையே போடுவேன் என்பது உனக்குத் தெரியும். "யாரு என்னா கேட்டாலும் மொதல்ல ஜீன்னு சொல்லு, சரிங்கன்னு அர்த்தம். மத்தத நான் வந்து பாத்துக்கறேன்" என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அவளும் காய்காரன் முதல் டாக்டர் வரை எல்லோரிடமும் ஜீ, ஜீ என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அன்று நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். பதினொரு மணி இருக்கும், கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி வாளியையும் துணியையும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடியதை ஜன்னலில் பார்த்தேன். நானும் எழுந்து தாழ்ப்பாள் போட்டேன். தாண்டிப் போகும் என்று நின்றேன். தாண்டவில்லை. படியில் பூட்ஸ் சத்தம் ஏறியது. மேலே இருப்பதே இரண்டு வீடுதான். என் கதவைத் தட்டினார்கள், கண்ணு. என் கதவை.

ஒரு அம்மாள் குரல், "பஹன்ஜி, ஜரா தர்வாசா கோலியே" என்று கதவைத் திறக்கச் சொன்னது. மரியாதையான, மெதுவான குரல். அந்த மரியாதையே என்னைக் கொன்றுவிட்டது. உன் அப்பா போய்விட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவருடைய காக்கி ஸ்வெட்டர் ஆணியில் தொங்கியது, அதைப் பார்த்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். திறந்தால்தானே சொல்வார்கள். திறக்க மாட்டேன். இரண்டாம் முறை தட்டினார்கள், மூன்றாம் முறை தட்டினார்கள். உள்ளே ஆள் இல்லை போலிருக்கிறது என்று சுபேதார் சொன்னார். பிறகு பூட்ஸ் எதிர்ப்பக்கம் திரும்பின.

செல்வி உடனே திறந்துவிட்டாள். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. ஆபீசர் பேசினார். நடுவில் வெறும் இரண்டு கதவு. அதில் ஒன்று திறந்திருக்கிறது. எனக்கு எல்லாம் கேட்டது. பாண்டியின் வண்டி சாலையிலிருந்து சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது, பனி, காப்பாற்ற முடியவில்லை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் செல்வி, "ஜீ" என்றாள். "ஜீ, ஜீ." பிறகு உள்ளே போய் ஸ்டவ்வைப் பம்ப் செய்கிற சத்தம் கேட்டது. வந்தவர்களுக்கு டீ போடப் போயிருக்கிறாள். அந்த அம்மாள் விசும்பி அழ ஆரம்பித்துவிட்டார். தமிழ் தெரிந்தவர் யாராவது கிடைக்கிறாரா பார்க்கிறேன் என்று சுபேதார் படியிறங்கி ஓடினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் என் கதவைத் தட்டியது எனக்குச் செய்தி சொல்ல இல்லை. எனக்கு இந்தி தெரியும் என்று அவர்கள் பட்டியலில் இருந்திருக்கிறது. செல்வியிடம் சொல்ல என்னைத் துணைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள்.

இனிமேல் எழுதப் போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. செல்வி வெளியே வந்து என் கதவைத் தட்டினாள். "அக்கா, உள்ளதான இருக்கீக? யாரோ பெரியவுக வந்துருக்காக. என்னமோ சொல்லுதாக, எனக்கு ஒண்ணும் வெளங்கல. அந்தம்மா அழுகுறாகக்கா. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க." குழந்தை அவள் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் திறக்கவில்லை. இப்போது பயம் இல்லை, என் வீட்டுக்காரர் பிழைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பார், அது என் முகம் முழுக்க இருந்தது. அதைத் துடைத்தெறிய எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் அவள் அதைப் பார்த்துவிடுவாள். அவள் புருஷன் செத்ததில் எனக்கு வந்த நிம்மதியை அவளுக்கு எப்படிக் காட்டுவேன்? நாலைந்து முறை தட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

கடைசியில் சிப்பாய்களின் சாப்பாட்டுக்கூடமான லங்கரில் சமைக்கிற ஒரு தமிழ் ஆளைச் சுபேதார் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் மாவு கூடக் கழுவாமல் வந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அவர்தான், "தங்கச்சி, பாண்டி தம்பி நம்மள விட்டுப் போயிட்டாப்புலம்மா" என்று சொன்னார். அதற்குள் படிக்கட்டு முழுக்க ஆள். செல்வி போட்ட சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குளியலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து, ஐயோ நான் குளித்துக்கொண்டிருந்தேனே, காதில் விழவில்லையே என்று கத்திக்கொண்டு ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன். எல்லோரும் நம்பினார்கள். அதன் பிறகு அவளை நான் ஒரு நிமிடம் கூடப் பிரியவில்லை என்பது உண்மை. குழந்தைக்குப் பால் காய்ச்சினேன், அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன், பாத்திரம் பண்டமெல்லாம் பெட்டியில் கட்டி ரயிலேற்றிவிட்டேன். நீ பள்ளிவிட்டு வந்து பார்த்தது அதைத்தான். அடுத்த மாதம் பெண்கள் நலக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, துக்க வீட்டுக்குத் துணை நின்றவள் என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஹாலில் மாட்டியிருக்கிறதே, அதுதான். நீ வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி என் கதையைச் சொல்வாய். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்திருப்பாய்.

யூனிட்டைத் தொடங்கிய நாள், ரெய்சிங் டே, வருடா வருடம் வரும். ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஆகுர்டி ஃபேக்டரியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு பிளேசரில் மெடல் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் தலைவலி, முழங்கால் வலி என்று ஒவ்வொரு வருடமும் ஒன்றைக் கண்டுபிடிப்பேன். நீ ஆபீசரான அடுத்த வருடம் அப்பா விடவில்லை. "ஆபீசரோட அம்மா வர்லன்னா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க" என்றார். போனேன். புருஷனை இழந்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். வீர் நாரி, வீரப் பெண்மணி என்று மைக்கில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். அதில் செல்வியின் பெயர் வந்தது. கண்ணாடி போட்டிருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. சால்வை போர்த்திய பெரிய ஆபீசர் ஏதோ கேட்டார். அவள் நிமிர்ந்து நின்று, தட்டுத் தடங்கல் இல்லாமல் இந்தியில் பதில் சொன்னாள்.

சாப்பாட்டுப் பந்தலில் அவளே என்னைத் தேடி வந்தாள். "மெலிஞ்சுட்டீகளேக்கா" என்றாள். இந்தி எங்கே படித்தாய் என்று கேட்டேன். "ஊர்ல ஒரு டீச்சர்கிட்ட. எனக்கு வந்த சேதி எனக்கே வெளங்காமப் போச்சேக்கா. இனி அப்படி ஆகக்கூடாதுன்னு படிச்சேன்." அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை. "செல்வி, அன்னிக்கி நான் குளிக்கல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் தட்டில் இருந்த பூரியைப் பிய்த்துக்கொண்டே, "தெரியும்க்கா" என்றாள். "தலை நனைஞ்சிருந்துச்சு. முந்தானைல கொத்தவரங்கா நாரு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. குளிச்சவ அப்படியா வருவா?" பூரியை மென்றுவிட்டு அவளே தொடர்ந்தாள். "அவுக தட்டுனப்ப நீங்க தொறக்கலைன்னு எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பயம் யாருக்கு இல்ல? ஆனா நான் தட்டுனேன்ல. நான் தட்டுனப்பத் தொறந்துருக்கலாம். எங்க வீட்டுச் சேதி, படிக்கட்டுல நின்ன அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு கடைசியாத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் டீ போட்டுக்கிட்டு இருந்தேன்க்கா. அதுதான் இன்னும் ஆறல." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? அந்தச் சமையல்காரருக்கு மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் கடுதாசி போடுகிறாளாம். சொன்னவர் அவர்தானே என்றாள்.

இதை உனக்கு எழுதுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, நீ இப்போது ஆபீசர். உன் கீழே எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு நாள் வரவே கூடாது. ஆனால் வந்தால், அந்த ஜீப்பில் நீ உட்கார வேண்டியிருக்கும். அந்த வீட்டுப் பெண்ணின் பாஷை தெரிந்த ஆளை முதலில் தேடிக் கூட்டிக்கொண்டு, பிறகு வண்டியை எடு. மேடையில் போர்த்துகிற சால்வையெல்லாம் அதற்குப் பிறகு. அக்கம்பக்கத்து வீடுகளில் யாராவது கதவைத் திறக்கவில்லை என்றால் கோபப்படாதே; உள்ளே ஆள் இருக்கும், சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்றும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் பண்ணுகிறேன் என்று பவித்ராவிடம் மணி குறித்துச் சொல்லாதே. உன் அப்பா அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னை நோயாளி ஆக்கினார். முடிந்தபோது பண்ணுகிறேன் என்று சொல். அந்தப் பெண் கொஞ்சமாவது வேலையைப் பார்க்கட்டும்.

இரண்டாவது, அந்த ஃபார்ம். நீ என்னிடம் என்ன வேலையைக் கொடுத்திருக்கிறாய் என்று யோசித்துப் பார். அவள் புருஷனைப் பற்றிய செய்தியை எனக்கு முதலில் கொடுத்து, அவளுக்குப் பிறகு சொல்லச் சொல்கிறாய். என்னை எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன், கண்ணு. அவள் ஆபீஸிலிருந்து வரட்டும் என்பேன். வந்த பிறகு, ஒரு வாய் சாப்பிடட்டும் என்பேன். அவள் அப்பா வந்துவிடட்டும் என்பேன். மறுபடியும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்பேன். அதற்குள் டிவியில் எழுத்து ஓடிவிடும், நாம் இருக்கிற சாங்வி முழுக்கத் தெரிந்துவிடும். உன் பெண்டாட்டி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்காவது எனக்கு எதிர்வீடு என்று ஒன்று இருந்தது. இங்கே செய்தி வந்தால் போவதற்கு வேறு வீடு இல்லை; எனக்கும் அவளுக்கும் வருவது ஒரே செய்திதான். எனக்கு முதலில், அவளுக்குப் பிறகு என்று பிரிக்க நீ யார்?

தாங்க மாட்டாள் என்கிறாய். நான் மட்டும் தாங்கினேனா? யாருமே தாங்குவதில்லை. பவித்ரா நீ நினைக்கிற மாதிரி பொம்மை இல்லை. நீ போன மறுநாள் என்னிடம் வந்து, "அத்தே, அவரு ஃபீல்டுல இருக்கறப்போ நாம என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ண வேண்டாம், போன் வந்தால் பேசு, வராவிட்டால் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அவள் போகவில்லை. "இல்ல அத்தே, ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு சொல்வாங்க?" என்றாள். அவளுக்கு அந்தக் கேள்வி வந்துவிட்டது. நீயும் நானும் பிளாட்பாரத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். செல்வியின் கதையை அவளுக்கும் நானே சொல்வேன். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடு.

சாங்விக்குக் குடிவந்ததிலிருந்து வாசல் மணி அடித்தால் நான் எழுந்ததில்லை. அப்பா திறப்பார், அல்லது நீ. வீட்டில் யாரும் இல்லாவிட்டால் கேஸ்காரன் மணியடித்து அலுத்துத் திரும்பிப் போவான். மகாராணி என்று நீ கிண்டல் செய்வாய். நேற்று மணி அடித்தபோது அப்பா ஆகுர்டியில் வேலையில் இருந்தார், பவித்ரா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தேன். கையில் ஒரு கவரோடு ஒரு ஆள் நின்றிருந்தான், பவித்ராவின் பெயரைச் சொன்னான். நானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கலாம். பவித்ரா, உன்னைத்தான் கேட்கிறார்கள் என்று கூப்பிட்டுவிட்டு, அவள் வந்து வாங்குகிற வரை அவள் தோளை ஒட்டி நின்றேன். பேங்கிலிருந்து வந்த ஏதோ கார்டு. "என்னாச்சு அத்தே, ஏன் இப்டி நடுங்குறீங்க?" என்று கேட்டாள். பி.பி. மாத்திரை போடவில்லை என்று சொல்லி வைத்தேன்.

என்னால் இவ்வளவுதான் முடியும், கண்ணு. திறப்பேன், அவளைக் கூப்பிடுவேன், பக்கத்தில் நிற்பேன். கேட்க வேண்டியதை அவள் தன் காதால், முதலில் கேட்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த ஃபார்மில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுது. எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி போடு. அந்த வரி வரும்வரை எனக்குத் தூக்கம் வராது. வந்த பிறகும் வராது. இருந்தாலும் எழுது.

அம்மா